போக வரப் பதினாறு மீட்டர்

"அத்தை, இது வீட்டு வயர்."

மாப்பிள்ளை வயர்ச் சுருளைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். ஒன்றரை வருஷமாக அவர் எதையும் அப்படித்தான் வைக்கிறார்.

தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"வயர்தானே கேட்டீங்க? நல்லா கெட்டியா இருக்கறதாப் பார்த்துத்தான் எடுத்தேன்."

"கெட்டியா இருக்கறதுதான் சிக்கலே. உள்ள ஒத்தைக் கம்பி. சுவத்துக்குள்ள அசையாம கெடந்தா ஒண்ணும் ஆகாது. வண்டி குலுங்கிட்டே போகும். ஒருநாள் உள்ளுக்குள்ளயே முறிஞ்சிடும். வெளிய பார்த்தா தெரியாது."

"அப்ப என்ன வேணும்?"

"பல இழை வயர். மெல்லிசு மெல்லிசா நெறைய கம்பி சேர்த்து முறுக்கினது. வளைஞ்சு குடுக்கும்."

"நூல் மாதிரின்னு சொல்லுங்க."

"நூல் மாதிரிதான். தடிமன் ஆறு ஸ்கொயர்." அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். "சரி. இந்த ஞாயித்துக்கிழமை கிளம்ப முடியாது. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட்டார், தன் தட்டோடு அவள் தட்டையும் கழுவி வைத்தார், மாடி அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தையல்காரி நான்கு சட்டைகளுக்குக் காலர் வைத்தாள். நான்கும் நேராக உட்கார்ந்தன. அவளுக்கே ஆச்சரியம். பத்து நாளாக அவள் வைத்த காலரெல்லாம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, யாரையோ எட்டிப் பார்ப்பதுபோல நின்றன. 'வயரிங் முடிஞ்சதும் கிளம்பிடலாம்னு இருக்கேன் அத்தை' என்று மாப்பிள்ளை சொன்ன நாளில் பிடித்த கோணல் அது. இன்று நிமிர்ந்துவிட்டது.

அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி யோசித்தாள். விஷயம் பிடிபட்டது. ஒரு தப்பான வயருக்கு ஒரு வாரம்.

வீட்டை ஒட்டி நின்ற அந்த வண்டிக்கு மகள் வைத்த பெயர் டப்பா. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன். மகளைவிட அதற்கு வயது அதிகம். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஆசைப்பட்டு வாங்கினார்கள். மூன்று தடவை ஊர் சுற்றினார்கள். நான்காவது தடவைக்குத் துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தபோது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அதிலிருந்து அவள் எழவேயில்லை.

அதன்பிறகு டப்பா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எலிகள் குடிவந்து, சாவகாசமாக, ஒரு வயர் விடாமல் தின்று தீர்த்தன. மாப்பிள்ளையும் நகரவில்லை. மாமியார் வீட்டு மாடியில் இருந்தார், வேலைக்குப் போனார், வந்தார், தட்டுக் கழுவினார். பார்க்கிறவர்கள் 'மாப்பிள்ளை இன்னும் இங்கேயா?' என்று கேட்டால் தையல்காரி வாயில் ஊசியைக் கவ்விக்கொள்வாள். வாயில் ஊசி இருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

மாப்பிள்ளைக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. திரும்பி வர ஆறரை ஆகிவிடும். வயர்க் கடை ஆறுக்கே மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. அதனால் வயர் வாங்குகிற வேலை தையல்காரி தலையில் விழுந்தது. இப்போது அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரியை எல்லோரும் மீட்டர் அக்கா என்பார்கள். கல்லாவை ஒட்டிப் பித்தளை அளவுகோல் ஒன்றை ஆணி அடித்து வைத்திருந்தாள். கயிறோ குழாயோ வயரோ, எதைக் கேட்டாலும் அதில் வைத்து அளக்காமல் தரமாட்டாள். தையல்காரியைவிட இருபது வயது இளையவள், அதட்டலில் மட்டும் மூத்தவள்.

"வீட்டு வயரை வண்டிக்கா வாங்கிட்டுப் போனீங்க? வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்லம்மா!"

"இப்ப சொல்றேன். பழைய கேரவன். டிரைவர் சீட்டுக்குக் கீழ பேட்டரி. எட்டு மீட்டர் தள்ளிப் பின்கோடியில தண்ணி பம்பு, ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. இதுக்கு எந்த வயர் ஒத்துவராது?"

"எது ஒத்துவரும்னு கேக்கறீங்களா?"

"அதையும் சொல்லு. ஒத்துவராததை மொதல்ல சொல்லு. தெரியாம வாங்கிடக் கூடாதில்ல."

மீட்டர் அக்கா நெகிழ்ந்துபோனாள். இருபது வருஷ வியாபாரத்தில் இவ்வளவு அக்கறையோடு யாரும் கேட்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் பாடம் எடுத்தாள். வண்டிக் கரண்டு வீட்டுக் கரண்டு மாதிரி வேகமாகப் பாயாது. அதனால் வழி அகலமாக இருக்க வேண்டும். வயர் மெல்லிசாக இருந்தால் கரண்டை வழியிலேயே தின்றுவிடும்.

"அப்புறம் நீளம். எல்லாரும் கோட்டை விடற எடம் இது. கரண்டு போனா மட்டும் பத்தாது, திரும்பி வரணும். போறதுக்கு ஒரு வயர், வர்றதுக்கு ஒரு வயர். எட்டு மீட்டர் தூரம்னா பதினாறு மீட்டர் வாங்கணும்."

"திரும்பி வரலேன்னா?"

"எரியாது. அவ்ளோதான்."

தையல்காரி எல்லாவற்றையும் அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள். யாரோ ஒருவருடைய இடுப்பளவுக்குக் கீழே: பல இழை, வெள்ளீயம் பூசியது, ஆறு ஸ்கொயர், சிவப்பு எட்டு, கறுப்பு எட்டு.

தப்பான வயரை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒன்றும் தெரியாதவர்கள் கைதவறிச் சரியானதையே எடுத்துவிடக்கூடும். தவறாமல் தப்பாக வாங்க வேண்டுமென்றால் முழுதும் படித்திருக்க வேண்டும்.

"ஒரு ஸ்கொயர் குடு," என்றாள்.

"ஆறுன்னு எழுதினீங்களே?"

"ஒண்ணு குடும்மா."

மீட்டர் அக்கா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே அளந்து கொடுத்தாள்.

மாலையில் மாப்பிள்ளை அந்த வயரை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். "ஆறுன்னு சொல்லியிருந்தேனே அத்தை."

"ஆறு கேட்டீங்க. நூல்ல நம்பர் சின்னதாக ஆக தடிமன் ஜாஸ்தி. ஆறுக்கு பதிலா ஒண்ணுன்னா இன்னும் தடிமனா இருக்கும்னு வாங்கிட்டேன்."

முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு அவள் இதைக் கண்ணாடி முன்னால் நான்கு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

மாப்பிள்ளை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வயர்ல தலைகீழ் அத்தை," என்றார். "பரவாயில்ல. போட்டுப் பார்ப்போம்."

போட்டுப் பார்த்தார்கள். அவள் டார்ச் பிடித்தாள், அவர் டப்பாவின் உள்சுவர்ப் பலகையைக் கழற்றி வயரை ஓட்டினார். பட்டனைத் தட்டியதும் பின்கோடி விளக்கு, எரியலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல மினுங்கியது. பம்பு ஒரு முறை முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"உடம்பு சரியில்லாத மாடு மாதிரி கத்துது," என்றாள் தையல்காரி.

"ஒரு ஸ்கொயர்ல அவ்ளோதான் கத்தும்."

அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தையல்காரி அன்று இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

மூன்றாவது முறை போனபோது கடையின் மேல்தட்டில் புதிதாக ஒரு கட்டு இருந்தது. சிவப்பும் கறுப்பும் சேர்த்துச் சணல் கட்டி, மேலே பழைய செய்தித்தாள் சுற்றியிருந்தது. நுனியில் தெரிந்த இழைகள் வெள்ளியாகப் பளபளத்தன. கண்ணாலேயே அளந்தாள். ஆறு ஸ்கொயர். சரியான வயர் இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லதில்லை.

"அது என்ன?"

"அது வித்தாச்சும்மா," என்றாள் மீட்டர் அக்கா சட்டென்று. "அதக் கேக்காதீங்க. ஒங்களுக்கு இன்னிக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க."

வழக்கமான அதட்டலும் இல்லை, பாடமும் இல்லை. தையல்காரி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. விற்றாயிற்று என்றதும் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

"பச்சை," என்றாள். "பதினாறு மீட்டரும் பச்சையே குடு."

"பேஷாக் குடுக்கறேன்," என்றாள் மீட்டர் அக்கா.

"பச்சையா?" என்றார் மாப்பிள்ளை மாலையில்.

"ஜன்னல் திரை பச்சைதானே? மேட்சா இருக்கட்டுமேன்னு."

மாப்பிள்ளை திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மகள் தைத்த திரை. "மேட்சாத்தான் இருக்கு," என்றார்.

எல்லாம் ஒரே நிறமாக இருந்ததால் எது போகிற வயர், எது வருகிற வயர் என்று தெரியாது. அதற்கும் அவரே வழி சொன்னார். "போறதுக்கு வெள்ளை நூல் கட்டுங்க அத்தை, வர்றதுக்குக் கறுப்பு நூல்." இந்த வேலையை ஒரு தையல்காரியிடம் ஒப்படைத்தது அவர் செய்த பிழை. முடிச்சுகள் அம்சமாக விழுந்தன. நான்கில் இரண்டு இடம் மாறி விழுந்தன.

பட்டனைத் தட்டினார். புகையை வெளியே தள்ள வேண்டிய ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுழன்று, வெளியே கூரையில் ஒன்றரை வருஷமாகச் சேர்ந்திருந்த புழுதி, சருகு, எலிமுடி எல்லாவற்றையும் உள்ளே வாரி இறைத்தது. இரண்டு பேர் தலையிலும் மாவு கொட்டியதுபோல ஆயிற்று. தையல்காரியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காய்ந்த இலை வந்து ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இலைய... எடுங்க அத்தை..."

அவள் எடுக்கவில்லை. எடுத்தால் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. அவர் சிரித்து அவள் கேட்டே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் அவள் முழுவதும் கெட்டுப்போனாள். அதுவரை அவர் போகக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. இப்போது டார்ச் பிடிக்கிற வேலையும் வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒன்றரை வருஷம் 'போதும்', 'நல்லா இருக்கு' என்ற இரண்டு வார்த்தையில் ஓட்டியவர், டப்பாவுக்குள் குனிந்துகொண்டு மகளைப் பற்றிக்கூட இரண்டொரு வார்த்தை சொன்னார். இந்தப் பலகையில் அவள்தான் தலையை இடித்துக்கொண்டாள், இந்த ஆணியை அவள்தான் கோணலாக அடித்தாள் என்று.

"அவ எதையும் நேரா அடிச்சதில்ல," என்றாள் தையல்காரி.

"ஆனா புடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க," என்றார் அவர்.

இதற்குள் அவள் அறிவு எல்லை மீறிப் போய்க்கொண்டிருந்தது. பேன்ட் உயரம் குறைக்க வந்த பள்ளி வாத்தியார், தன் ஸ்கூட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார்.

"வயர் மெல்லிசா இருக்கும், இல்லேன்னா இணைப்புல பச்சைக் களிம்பு பூத்திருக்கும்," என்றாள் அவள், வாயிலிருந்த ஊசியை எடுக்காமலே. "வெள்ளீயம் பூசின வயரா மாத்துங்க. ஃபியூஸ் எத்தனை போட்டிருக்கீங்க?"

வாத்தியார் பேன்டை மறந்துவிட்டுப் போனார்.

பச்சையில் எது போகிறது, எது வருகிறது என்று இனி நம்ப முடியாது, சிவப்பும் கறுப்புமாகவே வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான்காவது வாரம் எட்டு மீட்டர் மட்டும் வாங்கி வந்தாள்.

"பதினாறுல்ல?" என்றார் மாப்பிள்ளை.

"எட்டு மீட்டர் தூரம்னீங்க."

"போறதுக்கு எட்டு. வர்றதுக்கு?"

"வர்றதுக்கு வேற தனியா வாங்கணுமா?" என்றாள் அவள், கண்ணை அகலமாக்கி.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "பரவாயில்ல," என்று பழைய ஒரு ஸ்கொயர் வயரை எடுத்து மிச்சத்துக்கு ஒட்டுப்போட்டார். தடிமனும் மெல்லிசும் சேர்ந்த ஒட்டு. ஃபேன் இப்போது சரியான பக்கம் சுழன்றது. விளக்கும் பரவாயில்லாமல் எரிந்தது.

தையல்காரிக்குத் திக்கென்றது. சரியாகிக்கொண்டு வருகிறதே!

ஞாயிறு மத்தியானம் அவள் திரைக்குக் கொக்கி மாட்ட டப்பாவுக்குள் ஏறினாள். மாப்பிள்ளை ஃபேனையும் இரண்டு விளக்கையும் போட்டுவைத்துவிட்டுப் பின்கோடிப் படுக்கையில் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கும்போது சின்னப் பையன்போல இருந்தார்.

திறந்துகிடந்த பலகைக்குப் பின்னால் அந்த ஒட்டு தெரிந்தது. அவள் போகிறபோக்கில் அதைத் தொட்டாள்.

வெதுவெதுப்பு.

சுடவில்லை. லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டு மறுபடி புறங்கையால் தொட்டாள், நெற்றியில் தொட்டுப் பார்ப்பதுபோல. அவளுக்கு அந்தச் சூடு தெரியும். மகளுக்கும் முதல் நாள் இவ்வளவுதான் இருந்தது. 'ஒண்ணுமில்ல, நாளைக்குச் சரியாயிடும்' என்று அவள்தான் சொன்னாள்.

பாய்ந்து போய்ப் பட்டனை அணைத்தாள். ஃபேன் சத்தம் நின்றதில் மாப்பிள்ளை விழித்துக்கொண்டார்.

"என்ன அத்தை?"

"வயர் சுடுது."

அவர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். "ஒட்டுல இவ்ளோ இருக்கத்தான் செய்யும். பயப்படாதீங்க. மெல்லிசு வயர் எவ்ளோ தாங்குமோ அதுக்கும் கீழதான் ஃபியூஸ் போட்டிருக்கேன். கொஞ்சம் மீறினாலும் அதுவா அணைஞ்சிடும்."

"இருந்தாலும்."

"ஒண்ணும் ஆகாது அத்தை."

"நான் சொல்றேன்ல!" என்று அவள் கத்திவிட்டாள். அவள் கையிலிருந்த கொக்கிகளெல்லாம் கீழே சிதறின. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினார்கள். கடைசிக் கொக்கியை அவர் அவள் உள்ளங்கையில் வைத்தார், மெதுவாக, எல்லாவற்றையும் வைப்பதுபோல.

மறுநாள் அவள் மிஷினைத் திறக்கவில்லை. பத்து மணிக்குக் கடைக் கதவு ஏறும்போது வாசலில் நின்றாள். அளவு நோட்டு கையில் இருந்தது. தேவைப்படவில்லை.

"பல இழை," என்றாள். "வெள்ளீயம் பூசினது. ஆறு ஸ்கொயர். சிவப்பு எட்டு மீட்டர், கறுப்பு எட்டு மீட்டர். ஒட்டு இருக்கக் கூடாது. முனைக்குச் செம்பு வளையம் நாலு, அதை அழுத்தற குறடும் குடு. பின்கோடியில தனி ஃபியூஸ் டப்பா ஒண்ணு."

மீட்டர் அக்கா சாவியைக்கூட வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் சரியாச் சொல்றீங்களேம்மா."

"எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள் தையல்காரி. சொல்லிவிட்டதும் உடம்பு லேசானது. "மூணு வாரமா தெரிஞ்சேதான் தப்பா வாங்கினேன். வயரிங் முடிஞ்சா அவர் போயிடுவார். வீட்ல எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான். அதுக்காகக் கண்ட வயரையும் மாட்டி, அதுக்குள்ள அவரைப் படுக்க வெச்சிருக்கேன் பாரு. நானெல்லாம் ஒரு மனுஷி."

"அழாதீங்கம்மா."

"அழல. தூசி." அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "அவர் போகட்டும். ஒன்றரை வருஷமா எனக்குத் தட்டு கழுவிட்டிருக்கார். சின்ன வயசு. போய் நாலு எடம் பார்க்கட்டும். நீ போக வர ரெண்டுக்கும் சேர்த்து அளந்து குடு. திரும்பி வர்ற வயர்ல மட்டும் ஒரு சாண் கூட வெச்சுக் குடு."

மீட்டர் அக்கா ஏணியைச் சாய்த்து மேலே ஏறினாள். மேல்தட்டில் செய்தித்தாள் சுற்றியிருந்த கட்டை இறக்கி, தூசி தட்டி, பித்தளை அளவுகோலின்மேல் வைத்தாள். அளக்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அளக்காமல் அப்படியே தையல்காரி பக்கம் தள்ளினாள். சிவப்பு, கறுப்பு. சணலில் நான்கு செம்பு வளையங்களும் கோத்திருந்தன.

"இது வித்தாச்சுன்னு சொன்னியே?"

"வித்தாச்சுதாம்மா, ஒங்க மாப்பிள்ளைக்கு. ரெண்டாவது வாரமே அரைநாள் லீவு போட்டுட்டு வந்து வாங்கி வெச்சுட்டு, 'அத்தையா வந்து சரியானதக் கேக்கற அன்னிக்கு இதக் குடுங்க, அதுவரைக்கும் அவங்க எந்தத் தப்பைக் கேட்டாலும் நல்லதாப் பார்த்துக் குடுங்க'ன்னுட்டுப் போனார்."